தடுமாறும் கணுக்கால்

‘கால் பிசகிவிட்டது’ என்னும் சொல் நம் விளையாட்டிடங்களில் நாள்தோறும் கேட்கும் சொல்லாகும். வீக்கம் வடிந்து வலி நீங்கியதும் நாம் அதனை மறந்துவிடுகிறோம். ஆயினும் சிலருக்கு அத்தொல்லை அவ்வளவில் தீர்வதில்லை. ஓராண்டு கழிந்த பின்னரும், படியிறங்கும்போதோ மேடுபள்ளமான தரையில் அடிவைக்கும்போதோ, பாதம் திடீரென உட்புறமாக மடங்கிவிடுகிறது. ‘பார்த்து நடக்கக் கூடாதா?’ என்று பிறர் கடிந்துகொள்வர். குறை அவருடைய கவனத்தில் இல்லை, கணுக்காலில் இருக்கிறது. இதனை நாட்பட்ட கணுக்கால் உறுதியின்மை என்று மருத்துவர் கூறுவர். டப்ளின் நகர ஆய்வாளர் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், முதன்முறையாகக் கணுக்கால் சுளுக்கியவர்களுள் நூற்றுக்கு 40 பேர் ஓராண்டுக்குப் பின் இந்நிலையில் இருந்தமை தெரியவந்தது. இக்குறையை எவ்வாறு சோதித்து அறிகின்றனர் என்பதை இன்று காண்போம்.

முதலில் மூட்டின் அமைப்பை அறிதல் வேண்டும். முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளின் அடிமுனைகளும் டேலஸ் என்னும் எலும்பை இருபுறமும் கவ்விப் பிடித்துள்ளன. எலும்போடு எலும்பைப் பிணைப்பவை இணைநார்கள். கணுக்காலின் வெளிப்புறத்தில் அவை மூன்று. முன்புறத்து இணைநார் டேலஸ் எலும்பு முன்னோக்கி நழுவாமல் காக்கிறது. நடுவிலுள்ளது குதியெலும்பு வரை இறங்கி, குதிகால் உட்புறம் சாயாமல் தடுக்கிறது. பின்புறத்தது எளிதில் அறுவதில்லை. பாதம் உட்புறம் மடங்கும்போது பெரும்பாலும் முதலில் கிழிவது முன்புறத்து இணைநாரே.

சோதனையின் முதற்படி வினவுதல். எப்போது சுளுக்கியது? அதன்பின் எத்தனை முறை கால் மடங்கியது? இவ்வினாக்களை எளியவை என்று எண்ணிவிடாதீர்கள். ஆய்வுக்கு உரியோரைத் தேர்வதற்கெனப் பன்னாட்டுக் கணுக்கால் ஆய்வறிஞர் குழு 2013ஆம் ஆண்டில் சில வரையறைகளை வகுத்தது. முதற் சுளுக்கு நேர்ந்து 12 மாதமேனும் கழிந்திருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கால் மடங்குவதைக் கணக்கிடுவதாயின், கடந்த 6 மாதத்தில் இருமுறையேனும் அது நிகழ்ந்திருத்தல் வேண்டும். ஆஸ்திரேலிய அறிஞர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட கம்பர்லாந்து வினாத்தாளும் பயன்படுகிறது. அதில் 9 வினாக்கள். மொத்த மதிப்பெண் 30. படியிறங்கும்போதும் ஒற்றைக்காலில் நிற்கும்போதும் கால் எவ்வாறு உணர்கிறது என்பன போன்றவை அவ்வினாக்கள். 24 அல்லது அதற்குக் குறைவாகப் பெற்றால் உறுதியின்மை உண்டு என்று அக்குழு கொண்டது.

இரண்டாவது படி, கையால் சோதித்தல். நோயாளி காலைத் தொங்கவிட்டு அமர்கிறார். முழங்கால் மடிந்திருப்பதால் கெண்டைக்கால் தசை தளர்கிறது. மருத்துவர் ஒரு கையால் கீழ்க்காலை அசையாது பிடித்து, மறுகையால் குதிகாலைப் பற்றி, மேசையின் இழுப்பறையை இழுப்பதுபோல் முன்னோக்கி இழுக்கிறார். பாதம் மிகுதியாக நழுவினால் முன்புறத்து இணைநார் தளர்ந்துள்ளது எனலாம். பின்னர்க் குதிகாலை உட்புறம் சாய்த்துப் பார்க்கிறார். இது நடு இணைநாருக்கு உரிய சோதனை. இவ்விரண்டையும் மற்றக் காலிலும் செய்து ஒப்பிட வேண்டும். பிறவியிலேயே மூட்டுகள் தளர்ந்தோர் பலர் உளர். கட்டைவிரலை வளைத்து முன்கையைத் தொடுவோரை நீங்களும் கண்டிருப்பீர்கள். அத்தகையோரின் தளர்ச்சி நோயன்று.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. இணைநார் தளர்ந்தும் உறுதியாக நடப்போர் உண்டு. தளராமலே தடுமாறுவோரும் உண்டு. இப்புதிருக்கு 1965ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் பிரீமனும் அவருடன் ஆய்ந்தோரும் ஒரு விளக்கம் அளித்தனர். மூட்டைச் சூழ்ந்த நார்களில் நரம்பு முனைகளும் உள்ளன. பாதம் எந்நிலையில் இருக்கிறது என்று அறிவிப்பவை அவை. நார் கிழியும்போது அவையும் சிதைகின்றன. செய்தி உரிய காலத்தில் எட்டாமையால், தசைகள் பாதத்தைத் தாங்கத் தவறுகின்றன என்றனர். பின்வந்தோர் இக்கருத்தை விரித்தும் திருத்தியும் உள்ளனர். ஆயினும், கட்டு தளர்தல் வேறு, கட்டுப்பாடு குலைதல் வேறு என்னும் வேறுபாடு நிலைத்துவிட்டது.

ஆகவே மூன்றாவது படி, சமநிலையைச் சோதித்தல். நோயாளியை ஒற்றைக்காலில் நிற்கச் செய்து, முதலில் கண் திறந்தும் பின்னர்க் கண் மூடியும் பார்க்கின்றனர். கண் மூடியதும் பார்வையின் துணை நீங்கிவிடுவதால் பாதத்தின் உணர்வுக்குறை வெளிப்படுகிறது. மற்றொரு முறையில், ஒற்றைக்காலில் நின்றவாறே, தரையில் ஒட்டிய மூன்று பட்டைகளின் வழியே மறுகாலை இயன்ற தொலைவு நீட்ட வேண்டும். நெடியவர் இயல்பாகவே தொலைவு நீட்டுவர். எனவே எட்டிய தொலைவைக் காலின் நீளத்தால் வகுத்து நூற்றுவீதமாகக் குறிக்கின்றனர்.

இத்தனை சோதனைகளும் எதற்கு, ஒரு படம் எடுத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். படுத்திருக்கும் காலின் படம் நாரின் கிழிவைக் காட்டும்; நடக்கும் காலின் தடுமாற்றத்தைக் காட்டாது. ஒரே வினாவைக் கேட்டு மாணவனின் தகுதியை எந்த ஆசிரியரும் முடிவுசெய்வதில்லை. கணுக்காலுக்கும் அந்நீதி உரியது. மருத்துவமும் இதனைச் சார்ந்தே அமைகிறது. சமநிலைப் பயிற்சியாலும் தசைகளை வலுப்படுத்துவதாலும் தேறுவோர் பலர். அவற்றால் தேறாது, இணைநாரும் தளர்ந்திருப்பின், அதனை இறுக்கித் தைக்கும் அறுவை உண்டு. 1966ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருத்துவர் புரோஸ்ட்ரம் விளக்கிய முறையே அதற்கு அடிப்படை.

மாணவர்களே! கணுக்கால் சுளுக்கினால் அதனை இழுத்து உருவ எவரையும் விடாதீர்கள். நான்கு அடி நடக்க இயலாவிட்டால் எலும்பு முறிந்துள்ளதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். வலி நின்றதும் ஆடுகளத்திற்கு ஓடாமல், ஒற்றைக்காலில் உறுதியாக நிற்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். கால் அடிக்கடி மடங்குமாயின், எங்கே, எப்போது, எத்தனை முறை என்று குறித்துவைத்து மருத்துவரிடம் கூறுங்கள். நீங்கள் தரும் அவ்விடைகளிலிருந்தே அவருடைய சோதனை தொடங்குகிறது.