ஒரு துளி இரத்தம் கூறும் சாட்சி

காய்ச்சல் என்பது நோயன்று, நோயின் அறிகுறியே. உடல் கொதிப்பதும், தலை இடிப்பதும், கைகால் உளைவதும் பல நோய்களுக்குப் பொதுவானவை. வந்திருப்பது நெருப்புக் காய்ச்சலா, டெங்குவா, மலேரியாவா என்பதை வெளிக்குறிகளை மாத்திரம் கொண்டு உறுதியாகக் கூறுதல் தேர்ந்த வைத்தியருக்கும் அரிது. ஆகவே நோயை விளைத்த கிருமியையே தேடிப் பிடிக்கவேண்டியுள்ளது. வைத்திய நுண்ணுயிரியல் செய்யும் தொண்டு இதுவே.

மேற்கூறிய மூன்று நோய்களும் மூவகைக் கிருமிகளால் உண்டாகின்றன. நெருப்புக் காய்ச்சலைத் தருவது பற்றீரியா. நோயாளியின் இரத்தத்தை ஊட்டப்பொருள் நிறைந்த வளர்ப்பூடகத்தில் இட்டு, உடற்சூட்டில் வைத்துப் பெருகச் செய்து அதனை இனங்காண்கின்றனர். டெங்குவைத் தருவது வைரசு. அதன் பருமன் ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய 20,000 இல் ஒரு பங்கு. சாதாரண நுணுக்குக்காட்டிக்கு அது அகப்படாது. ஆதலின் இரத்தத்திற் கலந்துள்ள அதன் புரதத்தையோ, அதனை எதிர்க்க உடல் ஆக்கும் பிறபொருளெதிரிகளையோ சோதித்து அறிகின்றனர். மலேரியாவைத் தருவது ஓர் ஒட்டுண்ணி. இதனை நுணுக்குக்காட்டியில் நேரிற் காணலாம்.

1880 ஆம் ஆண்டில், அல்ஜீரியாவிலுள்ள கொன்ஸ்தாந்தீன் நகரில், லவெரான் என்னும் பிரெஞ்சுப் படை வைத்தியர் ஒரு போர்வீரனின் இரத்தத்தில் இதனை முதன்முதலிற் கண்டார். 1897 இல் சிக்கந்தராபாத்தில் ரொனால்ட் றொஸ் இதனை நுளம்பின் வயிற்றிற் கண்டார்.

சோதனை முறை எளியது. விரல் நுனியிற் குத்தி எடுத்த இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் ஒரு தடித்த படலமாகவும் ஒரு மெல்லிய படலமாகவும் இட்டு, கீம்சா என்னும் சாயம் ஊட்டுவர். ஒட்டுண்ணியின் கரு செந்நிறமும் உடல் நீலநிறமும் பெறும். பின்னர் 1,000 மடங்கு பெருக்கிப் பார்ப்பர். தடித்த படலத்திற் செங்குழியங்கள் சிதைந்தொழிய, ஒட்டுண்ணி எஞ்சி நிற்கும். கிருமி உண்டா, இல்லையா என்பதை அது கூறும். மெல்லிய படலத்திற் செங்குழியங்கள் சிதையாது ஒற்றை அடுக்காய் நிற்கும். கிருமி எவ்வினம் என்பதை அது கூறும்.

இனத்தை அறிவதனால் வரும் பயன் யாது? வைவக்ஸ் என்னும் இனம் தான் புகுந்த செங்குழியத்தைப் பருக்கச் செய்யும். அது ஈரலில் ஒளிந்திருந்து, மாதங்கள் கழிந்த பின்னரும் மீண்டும் நோயை எழுப்பும். ஆகவே ஈரலிலுள்ளதை அழிக்கத் தனி மருந்து வேண்டும். பல்சிபாரம் என்னும் இனமோ மெல்லிய மோதிரம் போன்றது. ஒரே குழியத்தில் இரண்டு மூன்று மோதிரங்களும் காணப்படும். அது மூளையைத் தாக்கிச் சில நாட்களிலேயே உயிரைக் கவர வல்லது. இங்கே தாமதம் மரணமாகிவிடும்.

இலங்கை இதனை நன்கறியும். 1934-35 ஆம் ஆண்டுக் கொள்ளை நோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பின்னர் எடுத்த பெருமுயற்சியால் 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். வென்றுவிட்டோம் என்று விழிப்புத் தளர்ந்தது. 1968, 1969 ஆம் ஆண்டுகளில் மீண்டும் பல இலட்சம் பேர் படுக்கையில் வீழ்ந்தனர். நெடுநாட் போராட்டத்தின் பின் 2012 இல் உள்நாட்டுத் தொற்று அற்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார தாபனம் மலேரியா அற்ற நாடெனச் சான்று வழங்கியது.

ஆயினும் அனோபிலிஸ் நுளம்பு நம் நாட்டை விட்டு அகலவில்லை. பிறநாடு சென்று மீள்வோர் சிலர் கிருமியைத் தம் இரத்தத்திற் கொண்டு வருகின்றனர். நோய் அருகியதால் அதனை நினைப்பாரும் அருகிவிட்டனர். எனவே வெளிநாடு சென்று வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், சென்ற இடத்தை வைத்தியரிடம் முதலிற் கூறுவோமாக. இரத்தம் எடுக்குமுன், வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் மாத்திரைகளை விழுங்காதிருப்போமாக. அவை கிருமியைக் கொல்லாது மறைத்துவிடவும் கூடும். ஒரு துளி இரத்தத்தை உரிய வேளையிற் கொடுத்தல், நம் வீட்டையும் அயலையும் ஒருங்கே காப்பதாகும்.