உறைக்குழாய்த் துளையின் அளவு

சேலம், நாமக்கல் சமவெளிகளின் அடித்தளம் சார்னோக்கைட், நைஸ் முதலிய தொன்மையான கடும்பாறைகளால் ஆனதாகையால், அங்கு ஆழத்தில் கிடைக்கும் நீர் பாறை வெடிப்புகளில் ஊறுவதே ஆகும். திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிகள் அங்கே துளையிடும்போது, மேல்மண்ணும் சிதைந்த பாறையும் சரியாதிருக்கும் ஆழம் வரை கேசிங் பைப்பை இறக்கிவிட்டு, அதற்குக் கீழே ஆறரை அங்குலத் துளையைப் பெரும்பாலும் திறந்தே விடுகின்றன. கடும்பாறை தானே நிற்கும், நீரும் தடையின்றி உள்ளே வரும்.

மாறாக, காவிரிப் படுகையின் கடைமடையிலுள்ள நரிமணம் போன்ற எண்ணெய்ப் பகுதிகளில் நிலத்தடி படிவுப் பாறைகளால் ஆனது. அங்குள்ள எண்ணெய்க் கிணறுகளில் எண்ணெய் அடுக்கையும் மறைத்தபடி எஃகு உறைக்குழாய் இறக்கப்பட்டு, அதைச் சுற்றிச் சிமென்ட் நிரப்பப்படுவதால், எண்ணெய் உள்ளே வரக் குழாயையும் சிமென்டையும் துளைத்தாக வேண்டும். 1932இல் கலிஃபோர்னியாவில் தோட்டாக்களைச் சுட்டுத் தொடங்கப்பட்ட இப்பணியை இன்று செய்வது, கூம்பாகக் குடையப்பட்டு உலோகத் தகடு பதித்த வெடிமருந்து; வெடிக்கும்போது அத்தகடு மெல்லிய உலோகத் தாரையாகப் பாய்ந்து எஃகைத் துளைக்கிறது. இத்துளை பொதுவாக ஒரு சென்டிமீட்டர் அளவினதே என்றாலும், சாய்வான கிணற்றில் வெடிகருவி குழாயின் அடிப்பக்கம் சாய்ந்து கிடப்பதால் மேலும் கீழும் விழும் துளைகள் ஒத்திருப்பதில்லை.

அந்த அளவைக் கண்ணால் காணாமல் கணிப்பதற்கு, கிணற்றுக்குள் திரவத்தை விரைவாகச் செலுத்திப் பின் படிப்படியாக வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் அழுத்தத்தைப் பதிவு செய்கிறார்கள். துளையில் இழக்கப்படும் அழுத்தம் ஓட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும், விட்டத்தின் நான்மடிக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. அதாவது விட்டம் பாதியானால் இழப்பு 16 மடங்காகும். ஆயினும் இக்கணக்கு தருவது துளைகளின் மொத்தப் பரப்பையே என்பதை மறக்கலாகாது: 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள 20 துளைகளும், 14 மில்லிமீட்டர் விட்டமுள்ள 10 துளைகளும் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தையே காட்டும். பாறையைப் பிளக்கச் செலுத்தும் திரவத்தில் கலந்த மணல் துளை விளிம்பை அரித்து அகலமாக்குவதால், நேற்றைய கணிப்பும் இன்றைக்குப் பொருந்தாது. எனவே கிணற்றுக்குள் கேமராவையோ மீயொலிக் கருவியையோ இறக்கிச் சரிபார்க்காத எந்த எண்ணையும் தோராயம் என்றே கொள்ள வேண்டும்.