தீப்பொறி முந்தும் கணக்கு

பழைய அம்பாசடர் வண்டி மேடேறும்போது, தகர டப்பாவில் ஆணிகளைக் குலுக்கினாற்போல் ஓர் ஒலி எழுவதை டில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்கள் கேட்டிருப்பீர்கள். உத்தரபாராவில் அதன் உற்பத்தி 2014-இல் நின்றது. எனினும் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பூட்டிய அவ்வண்டியைப் பரிவுடன் பேணுவோர் உளர். அவ்வொலி தீப்பொறியின் காலம் தவறியதற்கு அறிகுறியாகலாம்.

பெட்ரோல் கலந்த காற்று ஒரே கணத்தில் எரிந்து தீர்வதன்று. தீ பரவச் சிறிது நேரம் வேண்டும். ஆகவே பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே பொறி விழுதல் வேண்டும். மெக்கானிக்குகள் இதனை 'அட்வான்ஸ்' என்பர். அச்சொல்லைக் கேட்டால் வீட்டுக்காரருக்குக் கொடுத்த முன்பணமே நமக்கு நினைவு வரும்; இங்கே 'முந்துகை' எனக் கொள்வோம்.

நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுழலும் கிராங்க் தண்டு, நொடியின் ஆயிரத்திலொரு பங்கில் 6 பாகை திரும்பும். 3000 சுற்றாயின் 18 பாகை. எனவே வேகம் மிகுந்தால் முந்துகையும் மிகவேண்டும். இதற்கென டிஸ்டிரிபியூட்டரினுள் இரு சிறு எடைகள் உள்ளன. வேகத்தில் அவை ஸ்பிரிங்கை இழுத்து விரிந்து, பாயிண்ட்டைத் திறக்கும் காமை முன்தள்ளும். பாயிண்ட் திறக்கும் கணத்திலேயே பொறி தோன்றும். வெளியே ஒட்டியிருக்கும் வட்ட டப்பா, சமவெளியில் மெல்ல மிதித்துச் செல்கையில் கார்புரேட்டரின் உறிஞ்சலால் முந்துகையைக் கூட்டும். மேட்டில் அழுத்தி மிதித்தால் குறைக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், நண்பர் ஒருவரின் வண்டியில் டேராடூனிலிருந்து முசூரிக்கு ஏறினோம். வண்டி வேகமெடுக்கவில்லை என்று சொன்னதற்கு, ஒரு பட்டறையில் டிஸ்டிரிபியூட்டரையே திருகி அனுப்பியிருந்தனர். ஏற்றத்தில் ஆணிக்குலுக்கல் தொடங்கிவிட்டது! பொறி அளவுமீறி முந்தினால், எரியாது எஞ்சிய கலவை நெருக்கத்தாலும் வெப்பத்தாலும் தானே பற்றி வெடிக்கும். அது நீடித்தால் பிஸ்டன் ஓட்டையாகும். திரும்பியபின் திறந்து பார்த்தோம். எடைகள் துருவேறி இறுகிக் கிடந்தன. நோய் அங்கிருக்க, மருந்தை வேறிடத்தில் இட்டிருந்தனர்.

ஆகவே திருகுமுன் சோதித்தல் நன்று. எஞ்சினை நிறுத்தி, ரோட்டரை அது சுழலும் திசையில் கையால் திருப்பி விடுங்கள், தானே மீளவேண்டும். டப்பாவின் குழாயை வாயால் உறிஞ்சினால் உள்தட்டு அசையவேண்டும். அசையாவிடில் டயாஃபிரம் கிழிந்திருக்கக்கூடும். அடுத்து, பாயிண்ட் இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்காக வைக்கவும். இடைவெளி மாறினால் பொறியின் காலமும் மாறும். ஆதலால் இதுவே முதலில்.

பின்னர் முதல் சிலிண்டர் அழுத்தத்தில் இருக்க, புல்லியின் குறியைக் கையேடு சொல்லும் பாகையில் நிறுத்துங்கள். டிஸ்டிரிபியூட்டரின் மெல்லிய கம்பி முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே 12 வோல்ட் பல்பை இணைத்துச் சாவியைத் திருப்புங்கள். கிளாம்பைத் தளர்த்தி, ரோட்டர் சுழலும் திசைக்கு எதிராக டிஸ்டிரிபியூட்டரை மெல்லத் திருப்பினால் பல்பு ஒளிரும். ஒளிர்ந்த அவ்விடத்திலேயே இறுக்கிவிடுங்கள்.