இருபது வருஷ அடைப்பு ஓர் ஊசியில் கரையுமா?

ஊருக்கே பந்தி பரிமாறும் சமையல்காரருக்கும் தனியாக ஓர் இலை போட்டாக வேண்டும். இதயமும் அப்படித்தான். அதன் அறைகளில் ஓயாமல் ரத்தம் புரண்டாலும், தடித்த அதன் தசைக்கு அதிலிருந்து பசி ஆறாது. மகாதமனியின் தொடக்கத்தில் பிரியும் இரண்டு சிறு குழாய்கள்தாம் அதற்குச் சாப்பாடு கொண்டுவருகின்றன. கரோனரி தமனிகள் என்பது அவற்றின் பெயர். அவற்றில் ஒன்றோ அதன் கிளையோ சட்டென்று மூடிக்கொண்டால் மாரடைப்பு.

ஏன் மூடுகிறது? கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து கடைசியில் முழுக்க அடைத்துவிட்டது என்றுதான் ஏறக்குறைய எல்லோரும் நினைக்கிறோம். வீட்டுக் குழாயில் உப்பு படிவதைப் பார்த்த பழக்கம். இங்கே சற்று நிதானிப்போம். கொழுப்பு படிவது உண்மைதான். ஆனால் அது குழாய்ச் சுவருக்குள்ளே, மெல்லிய தோல் போர்த்தி, பழுத்த பருவைப் போல உட்கார்ந்திருக்கிறது. ஒருநாள் அந்தத் தோல் கிழிகிறது. ரத்தத்துக்கு அது வெறும் காயம். அரிவாள்மனையில் விரல் வெட்டுப்பட்டால் எப்படி உறையுமோ, அப்படியே இங்கும் உறைகிறது. விரலில் நம்மைக் காப்பாற்றிய அதே உறைவு, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாயில் வழியை அடைத்துவிடுகிறது. பாதிகூட அடைக்காத படிவும் கிழியலாம். போன மாதம் ட்ரெட்மில் டெஸ்ட்டில் தேறியவருக்கு இன்று மாரடைப்பு வருவது இப்படித்தான்.

மருத்துவர்களுக்கே இதில் வெகுகாலம் சந்தேகம் இருந்தது. 1980இல் வெளியான ஆய்வுக்காக அமெரிக்காவில் மார்கஸ் டிவுட்டும் சகாக்களும், வலி தொடங்கி 4 மணி நேரத்துக்குள் வந்தவர்களின் குழாய்களைப் படமெடுத்தார்கள். 100க்கு 87 பேருக்கு முழு அடைப்பு. சிலருக்கு அறுவை சிகிச்சையில் உறைவையே வெளியே எடுத்தார்கள்.

இப்போது ஊசியின் சங்கதி புரியும். ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிபிளேஸ் போன்ற மருந்துகள் கொழுப்பைத் தொடுவதேயில்லை. உறைவைக் கட்டிவைத்திருக்கும் ஃபைப்ரின் என்ற நூல்வலையை அவிழ்க்கின்றன. 1986இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில் 11,000க்கும் மேற்பட்டோரிடம் ஸ்ட்ரெப்டோகைனேஸைச் சோதித்தபோது, முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில் இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. தாமதமாக வந்தவர்களுக்குப் பலனும் தேய்ந்தது. பட்டினி கிடக்கும் தசை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மடிந்துகொண்டே வருகிறது, மடிந்தது திரும்பாது. 'கேஸ் டிரபிள்' என்று சோடா குடித்துப் பார்க்கும் அரை மணி நேரம் அதனால்தான் எனக்குப் பதற்றம் தருகிறது.

கை மணிக்கட்டு வழியே கம்பி நுழைத்து, பலூனால் விரித்து ஸ்டென்ட் வைப்பது இன்னும் உறுதியான வழி. இ.சி.ஜி.யில் முழு அடைப்பு தெரிந்து, 2 மணி நேரத்துக்குள் அந்த வசதியை எட்ட முடியாதென்றால், ஊசியை உடனே போட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து இருப்பதால் எல்லோருக்கும் போட முடியாது.

உறைவு கரைந்த பிறகும் கிழிந்த படிவு அங்கேயே இருக்கிறது. ஸ்டென்ட்டும் ரத்தத்தின் கண்ணுக்குப் புதுக் கம்பிதான். வீட்டுக்கு வந்ததும் நன்றாக இருக்கிறதென்று உறைவைத் தடுக்கும் மாத்திரையை நாமாக நிறுத்தினால், அதே இடத்தில் மறுபடி உறையலாம்.