எல்லை தாண்டியும் நம்மூர்தான் நெய்யாற்றின்கரை!

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற பலரும் நெய்யாற்றின்கரையைக் கடந்துதான் போகிறார்கள். மருத்துவமனைக்கும் விமான நிலையத்துக்கும் பத்மநாப சுவாமி கோயிலுக்கும் விரைகிற அந்தப் பயணத்தில், இந்த ஊரில் இறங்குகிறவர்கள் குறைவு. குமரி மாவட்டத்துக்காரனான நானும் சிறுவயது முதல் இந்த ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்தே ஆசைப்பட்டவன். ஒரு முழு நாளை இதற்கென்றே ஒதுக்கி, காலையிலேயே கிளம்பினேன்.

களியக்காவிளையில் தமிழ்நாடு முடிகிறது. இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று பேருந்து போகப்போக, கடைப் பலகைகளின் எழுத்து மாறுகிறதே தவிர பேச்சு சட்டென்று மாறுவதில்லை. தமிழில் கேட்டால் தமிழும் மலையாளமும் கலந்து பதில் வருகிறது. 1956 நவம்பர் 1 வரை இரு பக்கமும் ஒரே திருவிதாங்கூர் நிலம். அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்துக்கு வந்து குமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு இணைக்கக் கேட்ட பகுதிகளின் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்தோடு நின்றது.

மன்னரைக் காத்த மரம்

ஊரின் நடுவே இருக்கிறது கிருஷ்ண சுவாமி கோயில். கையில் வெண்ணெயோடு நிற்கும் கண்ணனுக்கு வெண்ணெய் படைப்பதுதான் இங்கே முக்கியமான வழிபாடு. கோயில் வளாகத்துக்குள்ளேயே கம்பி வேலிக்குள் நிற்கிறது அம்மச்சிப் பிலா என்ற பழைய பலாமரத்தின் அடிப்பகுதி. உள்ளே ஓர் ஆள் ஒளியும் அளவுக்குப் பொந்து.

1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மாவை நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1741இல் குளச்சலில் டச்சுப் படையைத் தோற்கடித்தவர். அவர் இளவரசராக இருந்தபோது, எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற நிலப்பிரபுக்கள் உயிருக்குக் குறிவைத்துத் துரத்தினார்கள். அப்போது ஒரு சிறுவன் வழிகாட்ட, இந்த மரப்பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது ஊர் மரபு. வந்தவன் கண்ணனே என்று நம்பி, பிற்பாடு இந்தக் கோயிலைக் கட்டினாராம்.

வேலி அருகே நின்ற பெரியவர் ஒருவர் நான் தமிழ் பேசுவதைக் கேட்டு, "மக்களே, இத வெறும் மரமுன்னு நெனைக்காத. ஒரு ராஜாவோட உசிரு இதுக்குள்ள இருந்துது" என்றார். வரலாற்றுப் பாடத்தில் படித்த பெயருக்கு அந்த ஒரு வாக்கியத்தில் மூச்சு வந்ததுபோல இருந்தது எனக்கு.

நவராத்திரிக்கு இந்தக் கோயிலுக்கு விருந்தாளிகள் வருவது நம் மாவட்டத்திலிருந்துதான். பத்மநாபபுரம் சரஸ்வதி தேவி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் பத்மநாபபுரம் அரண்மனையில் மன்னரின் உடைவாள் கைமாறிய பிறகு ஊர்வலமாகப் புறப்படுகிறார்கள். முதல் இரவு குழித்துறையில், இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணர் சன்னிதியில். அதன்பிறகே திருவனந்தபுரம். மாநிலங்கள் பிரிந்த பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை. தமிழகக் காவலர் வழியனுப்ப, கேரளக் காவலர் களியக்காவிளையில் வரவேற்று அழைத்துச் செல்கிறார்கள்.

ஆற்றங்கரையில் நட்ட கல்

நகரத்திலிருந்து உள்ளே போனால் நெய்யாற்றின் கரையில் அருவிப்புரம். 1888ஆம் ஆண்டு சிவராத்திரி அன்று, ஆற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்து வந்து சிவலிங்கமாக நிறுவினார் ஸ்ரீநாராயண குரு. கோயிலுக்குள் நுழையவே அனுமதிக்கப்படாத சமூகத்தில் பிறந்த ஒருவர், மூலவரையே பிரதிஷ்டை செய்தார். கேரளத்தின் சமூக வரலாறு திரும்பிய இடம் இது. இங்கே உருவான கோயில் நிர்வாகக் குழுவிலிருந்துதான் 1903இல் ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன (எஸ்.என்.டி.பி.) யோகம் வளர்ந்தது.

குருவும் நமக்கு அயலார் இல்லை. குமரி மாவட்டத்து மருத்துவாமலையில் தவம் இருந்தவர். தமிழில் தேவாரப் பதிகங்கள் எழுதியவர். இன்று அந்தக் கரையில் நின்றால் பாறைகளுக்கிடையே ஆறு ஓடும் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது. எந்த ஆரவாரமும் இல்லாத இடம். எந்தப் பெரிய கோபுரத்தின் முன்னும் வராத நெகிழ்ச்சி எனக்கு இங்கே வந்தது.

அஞ்சாத மனிதர்கள்

இந்தத் தாலுகா பெற்ற பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1878இல் பிறந்த ராமகிருஷ்ண பிள்ளை, 'சுதேசாபிமானி' பத்திரிகையின் ஆசிரியர். திருவிதாங்கூர் திவான் பி.ராஜகோபாலாச்சாரியின் ஆட்சியைத் துணிந்து விமர்சித்தார். 1910 செப்டம்பர் 26 அன்று பத்திரிகையும் அச்சகமும் பறிமுதல் ஆயின. அவர் திருநெல்வேலிக்கு நாடு கடத்தப்பட்டார். நாடு கடத்தப்பட்ட காலத்திலேயே, 1912இல், மலையாளத்தில் கார்ல் மார்க்ஸின் வாழ்க்கையை எழுதினார். 1916இல் கண்ணூரில் இறந்தார். சொந்த ஊருக்குத் திரும்பவேயில்லை.

1938 ஆகஸ்ட் 31 அன்று, பொறுப்பாட்சி கேட்டுத் திரண்ட மக்கள்மீது இந்த ஊரில் துப்பாக்கிச்சூடு நடந்தது. அதில் உயிர் நீத்த ராகவனை 'வீர ராகவன்' என்றே ஊர் இன்றும் அழைக்கிறது.

1904இல் இங்கே பிறந்த ஜி.ராமச்சந்திரன், காந்தியின் சீடர். டி.வி.எஸ். நிறுவனர் டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகளான டாக்டர் சௌந்தரத்தை மணந்து, இருவருமாக 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்கே முளைத்த கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. தமிழகத்து கிராமப் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் படிக்கவைத்தது நெய்யாற்றின்கரை மண்ணில் பிறந்த ஒருவரின் கனவு.

அதே கொடுக்கல் வாங்கல் எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. இதே தாலுகாவில் உள்ள பாலராமபுரத்தின் கைத்தறிக்குப் புகழ் சேர்த்த சாலியர்கள், மன்னர் பாலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்ட நெசவாளர்கள். கேரளப் பெண்கள் ஓணத்துக்கு உடுத்தும் கசவு முண்டில் நம்மவர் கைவேலை இருக்கிறது.

ஒரு நாள் போதும்

நாகர்கோவில் - திருவனந்தபுரம் பாதையில் ஓடும் பயணிகள் ரயில்கள் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் நிற்கின்றன. களியக்காவிளையிலிருந்து பேருந்துக்குக் குறைவில்லை. காலையில் கோயிலும் அம்மச்சிப் பிலாவும், பகலில் அருவிப்புரம், மாலையில் பாலராமபுரத்துத் தறிகள் என்று ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

குமரி, நெல்லைப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும்போது பத்மநாபபுரம் அரண்மனையோடு திரும்பிவிடாதீர்கள். அந்த அரண்மனையின் கதை எல்லைக்கு அப்பாலும் தொடர்கிறது. நெய்யாற்றின்கரை வரை கூட்டிப் போய்க் காட்டுங்கள்.