கூகுள் மேப்புக்கு உங்கள் கடையைத் தெரியுமா?

தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் எரிந்துபோன ஒரு விவசாயி கோவை கணபதிப் பக்கம் வந்து நின்று, செல்போனில் 'மோட்டார் காயில் கட்டும் கடை' என்று தேடுகிறார் என வைத்துக்கொள்வோம். பம்ப்செட்டுக்குப் பேர்போன ஊர் அது. அந்த வேலை தெரிந்த பட்டறைகள் சுற்றிலும் எத்தனையோ இருக்கும். ஆனால் திரையில் முதலில் வருபவை மூன்று பெயர்கள்தான். 2015 ஆகஸ்ட் வரை கூகுள் ஏழு கடைகளைக் காட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதை மூன்றாகக் குறைத்துவிட்டது. மற்றவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு முறை தட்ட வேண்டும். பயிர் வாடிக்கொண்டிருக்கும்போது யார் அவ்வளவு தேடுவார்கள்? அந்த மூன்றில் ஒன்றுக்குப் போன் போட்டுவிடுவார்.

முப்பது வருடம் காயில் கட்டிக் கை தேர்ந்த ஒரு மெக்கானிக் அந்த மூன்றில் ஏன் இல்லை? இந்தக் கேள்விக்குப் பதிலாக ஏகப்பட்ட சூட்சுமங்கள் காசுக்கு விற்கப்படுகின்றன. சூட்சுமம் ஒன்றும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அந்த மென்பொருள் எங்கே தடுமாறுகிறது என்று புரிந்துகொண்டால் போதும். அது எந்தக் கடைக்குள்ளும் கால் வைத்ததில்லை. அதனிடம் இருப்பவை ஒரு பெயர், ஒரு போன் நம்பர், ஒரு முகவரி, சில படங்கள், யாரோ எழுதிய நாலு வரி என்ற துண்டுத் தகவல்கள். இந்தக் கடை உண்மையிலேயே இருக்கிறதா, இங்கேதான் இருக்கிறதா, கேட்ட வேலையைச் செய்கிறதா, இப்போது திறந்திருக்கிறதா என்பதையெல்லாம் அந்தத் துண்டுகளை வைத்தே ஊகிக்கிறது. ஒன்றோடொன்று முரண்படாத, முழுமையான தகவல் அந்த ஊகத்தில் உள்ள சந்தேகத்தைக் குறைக்கிறது. கூகுளில் உங்கள் கடைக்கான பட்டியலை மேம்படுத்தும் வேலை முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

உள்ளூர்க் கடைகளை வரிசைப்படுத்த மூன்று அளவுகோல்களைப் பயன்படுத்துவதாகக் கூகுள் தன் உதவிப் பக்கத்தில் வெளிப்படையாகவே சொல்கிறது: பொருத்தம், தூரம், பிரபலம். காசு கொடுத்து இந்த வரிசையில் மேலே வர முடியாது என்பதும் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. விளம்பரமாக வருபவை தனி, அவற்றில் அதற்கான முத்திரை இருக்கும். எந்த அளவுகோலுக்கு எவ்வளவு எடை என்பதை மட்டும் அந்த நிறுவனம் வெளியில் சொல்வதில்லை.

தூரத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதிகமான கடைகள் சறுக்குவது இங்கேதான். ஓர் இடத்தைக் கணினி அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்களாக வைத்துக்கொள்கிறது. ஒரு பாகை அட்சரேகை என்பது தரையில் சுமார் 111 கி.மீ. ஆகவே தசமப் புள்ளிக்குப் பின் மூன்றாம் இலக்கத்தில் ஒன்று பிசகினால் கடை 111 மீட்டர் தள்ளிப் போய்விடும். நான்காம் இலக்கத்தில் பிசகினால் 11 மீட்டர், ஐந்தாவதில் ஏறத்தாழ ஒரு மீட்டர். கடைவீதியில் ஒரு பட்டறையின் முகப்பு பத்தடி, பன்னிரண்டடிதான். நான்காம் இலக்கத்தில் பிசகினாலே வாடிக்கையாளர் மூன்றாவது கடை வாசலில் போய் நிற்பார்.

செல்போனே இடத்தைச் சரியாகச் சொல்லிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து சிக்னல் புறப்பட்ட நேரத்துக்கும் கைக்கு வந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு நானோ நொடியில் ஒளி 30 செ.மீ. போய்விடும் என்பதால், நேரத்தில் பத்து நானோ நொடி தவறினால் தூரத்தில் மூன்று மீட்டர் தவறும். வானம் தெளிவாகத் தெரியும் திறந்தவெளியில் சாதாரண செல்போனின் பிழை சுமார் 5 மீட்டர். இருபுறமும் மாடிக் கட்டடங்கள் நெருக்கும் சந்திலோ, தகரக் கூரைக்கு உள்ளேயோ கதை வேறு. சிக்னல் சுவரில் மோதித் திரும்பி, சுற்றுவழியில் வந்து சேரும். போன் அதையே நேர்வழி என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுவிடும். எனவே பட்டறைக்குள் உட்கார்ந்தபடி 'இப்போதைய லொகேஷன்' என்று கொடுப்பது நல்ல பழக்கமில்லை. சாட்டிலைட் படத்தைத் திறந்து, உங்கள் கூரையை அடையாளம் கண்டு, வாசல் இருக்கும் பக்கத்தில், மேப்பில் கடையைக் காட்டும் குறியை விரலால் இழுத்து வையுங்கள். ஐந்து நிமிட வேலை.

குறி சரியாக இருப்பது வாடிக்கையாளர் வழி தேடி வருவதற்கு மட்டும் அல்ல. கோடிக்கணக்கான இடங்கள் ஒவ்வொன்றுக்கும் தூரம் அளந்துகொண்டிருந்தால் தேடுபவர் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். அதனால் பூமியை முதலில் கட்டங்களாக வெட்டிவிடுகிறார்கள். கூகுள் உருவாக்கிய 'எஸ்2' என்ற முறை, கோளத்தை ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களில் பதித்து, ஒவ்வொரு முகத்தையும் நான்காக, அதை மீண்டும் நான்காக என்று 30 தடவை பிரிக்கிறது. கடைசிக் கட்டம் ஒரு விரல்நுனி அளவுகூட இருக்காது. ஜெர்மானியக் கணித மேதை டேவிட் ஹில்பர்ட் 1891-இல் வரைந்து காட்டிய ஒரு வளைகோடு இந்தக் கட்டங்கள் எல்லாவற்றின் வழியாகவும் ஊர்ந்து எண் கொடுக்கிறது. அந்தக் கோட்டின் சிறப்பு, அடுத்தடுத்த எண்கள் எப்போதும் தரையில் அருகருகே இருக்கும் என்பது. 'அருகில் என்ன இருக்கிறது' என்ற கேள்வி இதனால் 'இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை என்ன இருக்கிறது' என்ற சுலபமான கேள்வியாக மாறிவிடுகிறது. தூய கணிதத்துக்காக வரைந்த ஒரு கோடு 130 வருடம் கழித்துப் பஞ்சர் கடை தேடுபவருக்கு உதவுவதை நினைத்தால் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

தேடுபவர் நிற்கும் இடம் மாறினால் விடையும் மாறும் என்பதையும் கவனிக்க வேண்டும். கடைக்குள் உட்கார்ந்து தேடிப் பார்த்துவிட்டு 'நாமதான் முதலில் வர்றோம்' என்று நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தேடிப் பாருங்கள்.

முகவரி அடுத்த தலைவலி. சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண்ணும் புதிய எண்ணும் உண்டு. ஊருக்கு ஊர் காந்தி தெரு இருக்கிறது, நகருக்கு நகர் முதல் குறுக்குத் தெரு இருக்கிறது. 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான பின்கோடு, கடிதத்தைச் சரியான அஞ்சலகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக வந்தது. வாசலைக் காட்ட அது போதாது. அந்தக் குறையைப் போக்க அஞ்சல் துறை 2025-இல் வெளியிட்டதுதான் டிஜிபின். ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டம் ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தில் ஒரு குறியீடு தருகிறது. கூகுள் மேப்பிலேயே உள்ள பிளஸ் கோடும் இதே வகைதான், கட்டம் மட்டும் சுமார் 14 மீட்டர். தெருப் பெயர் குழப்பமான ஊர்களில் இப்படி ஒரு குறியீட்டை விசிட்டிங் கார்டில் அச்சடிப்பது நல்லது.

இனி பெயர். இரண்டு பட்டியல்களில் இருக்கும் இரண்டு பதிவுகள் ஒரே ஆளையா, ஒரே கடையையா குறிக்கின்றன என்று கண்டுபிடிப்பது புள்ளியியலில் பழைய பிரச்சினை. 1946-இல் ஹால்பர்ட் டன் இதைப் 'பதிவு இணைப்பு' என்று பேசினார். 1969-இல் ஃபெலெகி, சன்டர் என்ற இருவர் அதற்கு நிகழ்தகவு அடிப்படையில் கணிதம் அமைத்தார்கள். எழுத்துகளை ஒப்பிட, ரஷ்யரான விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல் சொன்ன முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது: ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது.

தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது இந்த எண் சட்டென்று ஏறிவிடுகிறது. 'ழ'கரத்தை ஒருவர் 'இசட் எச்' என்று எழுதுவார், இன்னொருவர் 'எல்' என்று எழுதுவார். 'தி' என்ற எழுத்துக்கு 'எச்' போடுபவரும் உண்டு, போடாதவரும் உண்டு. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது நினைவிருக்கும். அரசே ஒரு முடிவுக்கு வர முடியாத விஷயத்தில் மென்பொருள் திணறுவதைக் குறை சொல்ல முடியாது. கடை போர்டில் ஒரு மாதிரி, ஜி.எஸ்.டி. சான்றிதழில் இன்னொரு மாதிரி, மேப்பில் மூன்றாவது மாதிரி என்று பெயர் இருந்தால், ஒரே கடை இரண்டு கடைகளாகப் பதிவாகும் ஆபத்து உண்டு. அப்படி ஆனால் ரிவ்யூக்களும் இரண்டாகப் பிரியும். ஓர் எழுத்துக்கூட்டலைத் தேர்ந்தெடுத்து எல்லா இடத்திலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயரையும் தமிழ் எழுத்திலேயே போர்டில் பெரிதாக எழுதுங்கள். தெருப் படங்களில் உள்ள கடைப் பெயர்களைப் படித்தெடுக்கும் நரம்பியல் வலைப்பின்னலைக் கூகுள் 2017-லேயே விவரித்திருக்கிறது.

பெயரோடு 'கோவையின் நம்பர் 1 சப்மெர்சிபிள் வைண்டிங் சென்டர்' என்று வால் சேர்ப்பது விதிமீறல். வெளியில் மக்கள் அறிந்த பெயர் எதுவோ அதுவே இருக்க வேண்டும் என்கிறது விதி. மீறினால் பட்டியலே முடக்கப்படலாம். என்ன வேலை செய்கிறீர்கள் என்று சொல்ல வேறு இடங்கள் இருக்கின்றன. முதன்மை வகையைக் குறிப்பாகத் தேர்ந்தெடுப்பதுதான் அவற்றில் முக்கியம். 'கடை' என்ற பொதுவான வகையில் விழுந்த பட்டறை, மோட்டார் பழுது தேடுபவருக்கு வந்து சேராது. சேவைகளின் பட்டியலில் வாடிக்கையாளர் வாயில் வரும் சொற்களைப் போடுங்கள்: காயில் கட்டுதல், வைண்டிங், மோனோபிளாக், சப்மெர்சிபிள், கிரைண்டர் மோட்டார். வேலை நேரத்தையும் சரியாகக் கொடுக்க வேண்டும். கடை இப்போது திறந்திருக்கிறதா என்பதற்குத் தரவரிசையில் எடை கூட்டியிருப்பதாக 2023 இறுதியில் கூகுள் தரப்பே உறுதிசெய்தது. பொங்கல், ஆயுத பூஜை விடுமுறைகளையும் முன்கூட்டியே குறித்துவிடுங்கள். பூட்டிய கடைக்கு இருபது கிலோமீட்டர் வந்தவர் திரும்ப வரமாட்டார்.

அடுத்து, பிரபலம் என்ற அளவுகோலில் சேரும் ரிவ்யூவைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பட்டறையைப் பற்றி ஐந்து பேர் எழுதி, ஐந்து பேருமே திருப்தி என்கிறார்கள். இன்னொன்றைப் பற்றி நூறு பேர் எழுதி, 92 பேர் திருப்தி என்கிறார்கள். எது நம்பகமானது? அமெரிக்கக் கணிதவியலாளர் எட்வின் வில்சன் 1927-இல் தந்த சூத்திரத்தில் போட்டால், 95 சதவீத நம்பிக்கை அளவில், முதல் பட்டறையின் உண்மையான திருப்தி விகிதம் 57 சதவீதம் வரைகூடக் குறைவாக இருக்கலாம் என்று வருகிறது. இரண்டாவதற்கு அந்தக் கீழ் எல்லை 85 சதவீதம். கூகுள் இதே சூத்திரத்தைத்தான் பயன்படுத்துகிறது என்று நான் சொல்லவில்லை. ரிவ்யூவின் எண்ணிக்கையும் மதிப்பெண்ணும் இரண்டுமே கணக்கில் வருவதாக அது சொல்கிறது, அதற்குப் பின்னால் உள்ள தர்க்கம் இது. எட்டுப் பேரின் குறை வந்துவிட்டதே என்று தூக்கம் கெட வேண்டியதில்லை என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. குறைக்கு நிதானமாக, மரியாதையாகப் பதில் எழுதினால் அதைப் படிக்கும் அடுத்தவருக்கு நம்பிக்கை வரும்.

சின்னக் கடைகளுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் லூக்கா 2011-இல் காட்டினார். அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்தபோது, 'யெல்ப்' தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுவது தெரிந்தது. சங்கிலித் தொடர் உணவகங்களில் அந்த மாற்றம் இல்லை. பெரிய பிராண்டை மக்கள் ஏற்கெனவே அறிவார்கள். பெயர் தெரியாத கடைக்குத்தான் அடுத்தவர் வார்த்தை தேவைப்படுகிறது.

இதனாலேயே பொய் ரிவ்யூ வியாபாரமும் பெருகியது. அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பக்கத்துப் பட்டறைக்காரரின் பிழைப்பைத் திருடுவது அது. தள்ளுபடி கொடுத்து ரிவ்யூ வாங்குவதும் கூகுள் விதிப்படி தவறு. இணைய ரிவ்யூக்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. அதைக் கட்டாயமாக்காமல் வெளியிட்டது அதன் பலவீனம். நேர்வழி எளிது: வேலை முடிந்து பில் கொடுக்கும்போது 'அண்ணா, நம்ம கடையைப் பத்தி மேப்பில் ரெண்டு வரி எழுதுங்க' என்று எல்லாரிடமும் கேட்பது. திருப்தியானவர்களிடம் மட்டும் கேட்காமல் எல்லாரிடமும் கேட்பதுதான் நேர்மை.

தூரத்தை யாராலும் மாற்ற முடியாது. கணபதியில் இருக்கும் பட்டறை, சிங்காநல்லூரில் நின்று தேடுபவருக்கு முதலில் வராமல் போவது நியாயமே. இல்லாத கிளையைப் போலி முகவரியில் பதிவு செய்பவர்கள் ஒருநாள் இருப்பதையும் இழப்பார்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். 'உங்கள் பட்டியல் காலாவதியாகிறது, பணம் கட்டுங்கள்' என்று யார் போன் செய்தாலும் இணைப்பைத் துண்டியுங்கள். கணக்கை உங்கள் பெயரில், உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், செட்டப் செய்து கொடுத்த பையனின் இமெயிலில் விட்டுவிடாதீர்கள். உங்கள் கடை 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்க முடியும் என்பதால் மாதம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். வாசகர்களுக்கும் ஒன்று: உங்கள் தெருவில் நல்ல வேலைக்காரர் ஒருவர் செல்போன் பழக்கம் இல்லாமல் இருந்தால், அவருடைய கடையின் குறி, போன் நம்பர், நேரம் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று இந்த வாரமே பார்த்து, கூட இருந்து திருத்திக் கொடுங்கள்.