வைரஸைக் கொல்வது இதன் வேலை இல்லை... ஆனா இது இல்லைன்னா உடம்பு தாங்காது! 'ஹெல்பர் டி செல்' என்றால் என்ன?

எச்.ஐ.வி. சிகிச்சைக்காக ஏஆர்டி மையத்துக்குப் போகிறவர்களுக்கு 'சிடி4' என்ற வார்த்தை நன்றாகவே பழக்கம். ஆரோக்கியமான ஒருவரின் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் பொதுவாக 500 முதல் 1,500 வரை இருக்கும் எண் இது. எச்.ஐ.வி. தொற்று உள்ளவருக்கு இது 200-க்குக் கீழே இறங்கினால், எய்ட்ஸ் நிலைக்கு வந்துவிட்டதாக மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள்.

சரி, இந்த எண் எதைக் குறிக்கிறது? நம் ரத்தத்தில் இருக்கும் 'ஹெல்பர் டி செல்'களை, அதாவது உதவி டி செல்களை. பெயரில்தான் 'உதவி'. இவை குறைந்தால் சாதாரண கிருமிகூட உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஏன் அப்படி? பார்க்கலாம்.

யார் இந்த ஹெல்பர்?

ஒரு கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு மாமா இருப்பார். அவர் சமைக்க மாட்டார், பரிமாற மாட்டார், மேளமும் வாசிக்க மாட்டார். ஆனால் "இலை போடு", "சாம்பார் கொண்டா", "மேளக்காரரைக் கூப்பிடு" என்று எல்லோரையும் வேலை வாங்குவது அவர்தான். அவர் இல்லையென்றால், ஆள் எல்லாம் இருந்தும் பந்தி நடக்காது.

ஹெல்பர் டி செல்லும் அப்படித்தான். இது ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகிறது. தைமஸ் என்ற பெயரின் ஆங்கில முதல் எழுத்துதான் அந்த 'டி'. இதன் மேற்பரப்பில் சிடி4 என்ற புரதம் இருப்பதால் 'சிடி4 செல்' என்றும் சொல்கிறார்கள்.

வைரஸ் வந்தது எப்படித் தெரியும்?

உதாரணத்துக்கு, ஃப்ளூ வைரஸ் மூக்கு வழியாக நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே காவலுக்கு இருக்கும் 'டென்ட்ரிடிக் செல்' அந்த வைரஸின் துண்டுகளை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் நிணநீர் முடிச்சுக்குப் போகிறது. அங்கே வந்துபோகும் டி செல்களிடம் அந்தத் துண்டைக் காட்டுகிறது.

ஒவ்வொரு ஹெல்பர் டி செல்லுக்கும் தனக்குப் பொருந்தும் துண்டு மட்டும்தான் அடையாளம் தெரியும். பூட்டுக்கு ஏற்ற சாவி மாதிரி. பொருந்தும் செல் கிடைத்ததும், அது சில நாட்களிலேயே பல மடங்கு பெருகுகிறது. காய்ச்சல், தொண்டை வலி வரும்போது "கழுத்துல நெறி கட்டியிருக்கு" என்று வீட்டில் சொல்வார்கள் இல்லையா? நிணநீர் முடிச்சுக்குள் இப்படி செல்கள் பெருகுவதுதான் அந்த வீக்கத்துக்கு முக்கியக் காரணம்.

அப்புறம் என்ன செய்யும்?

முதலில், பி செல்களைத் தூண்டும். ஆன்டிபாடி தயாரிப்பது பி செல்தான். ஆனால் வைரஸைக் கச்சிதமாகப் பிடிக்கும் தரமான ஆன்டிபாடி உருவாக, பெரும்பாலும் ஹெல்பர் டி செல்லின் சிக்னல் தேவை. நிறைய தடுப்பூசிகள் நீண்ட நாள் பாதுகாப்பு தருவதற்கும் இந்த உதவிதான் அடிப்படை.

இரண்டாவது, 'கில்லர் டி செல்'களுக்குத் துணை நிற்கும். வைரஸ் புகுந்த செல்லைத் தேடி அழிப்பது கில்லர். ஹெல்பரின் உதவி இல்லாமல் உருவாகும் கில்லர்கள் சீக்கிரமே சோர்ந்துவிடும், அதே வைரஸ் திரும்ப வந்தால் சரியாக வேலை செய்யாது.

மூன்றாவது, சைட்டோகைன் என்ற ரசாயனத் தகவல்களை அனுப்பி, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களை உசுப்பிவிடும். காசநோய்க் கிருமியைக் கட்டுப்படுத்த இது ரொம்ப முக்கியம்.

எல்லாம் முடிந்த பிறகு சில ஹெல்பர்கள் 'நினைவு செல்'களாகத் தங்கிவிடும். அதே வைரஸ் மறுபடியும் வந்தால், இந்த முறை பதிலடி வேகமாக இருக்கும்.

எச்.ஐ.வி. குறி வைப்பது இதைத்தான்!

1981-ம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் 5 இளைஞர்களுக்கு அபூர்வமான ஒரு நிமோனியா வந்தது பதிவானது. நோய் எதிர்ப்பு சக்தி நன்றாக இருப்பவர்களுக்கு வராத நோய் அது. இத்தகைய நோயாளிகளின் ரத்தத்தில் ஹெல்பர் டி செல்கள் கிட்டத்தட்ட காணாமலே போயிருந்தன என்பது அதே ஆண்டு வெளியான ஆய்வில் தெரிந்தது. காரணமான வைரஸை 1983-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவன விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர். இந்தியாவில் முதல் தொற்றுகளை 1986-ல் சென்னையில் மருத்துவர்கள் சுனிதி சாலமனும் நிர்மலாவும் கண்டறிந்தனர்.

எச்.ஐ.வி. வைரஸ் சிடி4 புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் செல்லுக்குள்ளேயே நுழைகிறது. கல்யாண வீட்டில் சமையல்காரரை விட்டுவிட்டு, நேராக அந்த மாமாவையே தூக்குவது மாதிரி! பி செல் இருக்கும், கில்லர் செல் இருக்கும். ஆனால் வேலை வாங்க ஆள் இல்லை. சிகிச்சை எடுக்காவிட்டால் பொதுவாக சில ஆண்டுகளில் சிடி4 சரிந்து, காசநோய் உள்ளிட்ட தொற்றுகள் தாக்கும்.

சிடி4 திரும்ப ஏறுமா?

ஏறும். ஏஆர்டி மாத்திரைகள் வைரஸ் பெருகுவதைத் தடுக்கின்றன. அடி வாங்குவது நின்றதும் சிடி4 எண்ணிக்கை மெல்ல உயர்கிறது. சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். அதனால்தான் 2017 முதல் இந்தியாவில், சிடி4 எவ்வளவு இருந்தாலும் தொற்று உறுதியானவுடன் சிகிச்சை என்ற முறை வந்தது. 2004 முதல் அரசு ஏஆர்டி மையங்களில் மாத்திரை இலவசம்.

ஆனால் ஒரு விஷயம். "சிடி4 ஏறிடுச்சு, உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. ஓய்வில் இருக்கும் நினைவு செல்களுக்குள் வைரஸ் பதுங்கியிருக்கும். மாத்திரை நின்றால், பெரும்பாலானோருக்கு சில வாரங்களிலேயே மறுபடியும் பெருகத் தொடங்கிவிடும். எந்தப் பொடியும் லேகியமும் இந்த மாத்திரைக்கு மாற்று கிடையாது.

இன்னொன்று, சிடி4 குறைவாக இருந்தாலே எச்.ஐ.வி. என்று அர்த்தமில்லை. காசநோய், சில மருந்துகளாலும் குறையலாம். எச்.ஐ.வி.யை உறுதிசெய்ய அதற்கான தனிப் பரிசோதனை உண்டு. சந்தேகம் இருப்பவர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும்.